வைடன்ரோட்டின் ஒன்பதாம் அடையாளம்

ஜெர்மனியின் நடுவே, மூன்று குன்றுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பள்ளத்தில், வைடன்ரோட் என்ற சிறிய ஊரில், இல்லாத ஒரு கட்டடத்தின் நிழல் ஐம்பத்தாறு வருடங்களாக விழுந்துகொண்டிருந்தது.

வெயில் நாட்களில் காலையில் அது தீயணைப்பு நிலையத்தின் பக்கம் சாய்ந்து கிடக்கும், மதியத்தில் சுருங்கும், பிற்பகலில் சதுக்கத்தின் கருங்கற்கள்மேல் நீண்டுபோய் எதிரே இருந்த பேக்கரியின் முதற்படியைத் தன் கூரை நுனியால் தொடும். மேகம் மூடிய நாட்களில் ஊரின் மற்ற நிழல்களைப் போல அதுவும் இருக்காது. அந்த நிழலுக்கு உரிய கட்டடம் நிற்கவேண்டிய இடத்தில் சரளைக்கல் பரப்பிய வெற்று மனை ஒன்று மட்டும் இருந்தது. அதில் புல்லும் முளைக்கவில்லை, யாரும் காரும் நிறுத்தவில்லை.

ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். பனிக்காலத்தில் சதுக்கம் முழுவதும் உறைபனி கரைந்த பிறகும் அந்த நிழலின் வடிவத்தில் மட்டும் வெள்ளை மிஞ்சிக் கிடக்க, தபால்காரர் சைக்கிளை அதன் விளிம்போடு வளைத்து ஓட்டுவார். பாதிரியார் ஊர்வலப் பாதையை ஓடைக்கரைக்கு மாற்றிவிட்டு, ஏனென்று கேட்ட ஆயருக்குச் சதுக்கம் ஈரமாக இருக்கிறது என்று எழுதினார். பிள்ளைகளின் பந்து உருண்டு அந்த மனைக்குள் போனால் அது அங்கேயே கிடந்து வெளிறும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனாலும் நடை பழகும் குழந்தைகூட அந்த விளிம்புவரை வந்து திரும்பிவிடும். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "அந்த இடம் கொஞ்சம் குளிர்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மூடிக் கிடந்த மான் விடுதியின் மாடி அறைகளில் அரசாங்கம் எட்டு அகதிகளைக் குடிவைத்தது. அவர்களில் ஒருவர் தில்லைநாதன். வயது நாற்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் பதினெட்டு வருடம் படவரைஞராக இருந்தவர். காங்கேசன்துறைப் பக்கத்தில் அவருக்கிருந்த வீட்டை இராணுவம் எடுத்துக்கொண்டபின், மனைவி தவமலரையும் மகள் ஆரணியையும் கொழும்பில் ஓர் அறையில் விட்டுவிட்டு, விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அவர்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்று வந்தவர். ஊராட்சி அவருக்குச் சதுக்கத்தைக் கூட்டும் வேலையைக் கொடுத்தது.

முதல் நாள் காலையில் கூட்டிக்கொண்டு வந்தவர் நிழலின் விளிம்பில் நின்றார். நிழலைப் பார்த்தார், நிமிர்ந்து வெற்று வானத்தைப் பார்த்தார், மறுபடியும் நிழலைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அங்கே கிடந்த ஈர இலைகளையும் கூட்டி அள்ளினார். வீடு இருந்து ஆட்கள் இல்லாமற்போன ஊர்களின் வழியாக நடந்து வந்தவர் அவர். நிழல் இருந்து வீடு இல்லாமற்போன ஊரும் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டார். சன்னல் திரைகளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தவர்கள், அந்த ஆளுக்குத் தெரியாது என்றார்கள்.

இரண்டாம் வருடம் ஊருக்கு எழுநூற்றைம்பது வயது நிறைய இருந்தது. மரஅறுவை ஆலை வைத்திருந்த மேயர் ரொய்ஸ், விழாவுக்கு ஊரின் வரலாற்றையும் அடையாளச் சின்னங்களையும் சொல்லும் ஒரு புத்தகம் போடவேண்டும் என்று முடிவெடுத்தார். அந்த நாட்களில் தில்லைநாதன் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் தேவாலயக் கோபுரத்தை வரைந்து வைத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். கோபுரம் வடக்கே எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு சாய்வும் படத்தில் இருந்தது.

"ஹெர் தில்லை, எங்கள் ஊருக்கு ஒரு வரைபடம் வரைவீர்களா? எட்டுச் சின்னங்கள். நீங்கள் ஊருக்கு உழைக்கிற நல்ல மனிதர் என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதுகிறேன்."

தில்லைநாதன் அந்த வசந்தம் முழுவதும் ஊரை அளந்தார். சாய்ந்த கோபுரத்தை அளந்தார். பிரபுவின் ஆட்கள் கோழி திருடியவனைத் தூக்கிலிட்ட லிண்டன் மரத்தின் சுற்றளவை எடுத்தார். சக்கரம் இல்லாத ஆலையையும், கொள்ளைநோய்க் காலத்துக் கற்சிலுவையையும், மூக்கு உடைந்த புனிதர் நிற்கும் பாலத்தையும், மரச்சட்டங்களால் ஆன ஊர்மன்றத்தையும், தீயணைக்க நீர் சேர்த்த குளத்தையும், இரண்டு போர்களில் இறந்தவர்களின் பெயர்கள் வெட்டிய தூணையும் எண்களிட்டு வரைந்தார். தூணில் இருந்த அறுபத்திரண்டு பெயர்களையும் ஒருமுறை வாசித்தார். எல்லாம் முடிந்தபின், அளவுகோலையும் ஒரு மீட்டர்த் தடியையும் எடுத்துக்கொண்டு நிழலிடம் போனார்.

பனைமரத்தில் ஏறாமலே அதன் உயரத்தை அளக்கும் முறைதான். தடியை நட்டு அதன் நிழலை அளந்தார், பெரிய நிழலை அளந்தார், கணக்குப் போட்டார். ஒன்பது மீட்டர் வந்தது, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

"ஒன்பதுக்கு இரண்டு சாண் கூட" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

பேக்கரியை நடத்தும் இர்ம்கார்ட் ஹென்ஸ் இடுப்பில் கட்டிய முன்துணியில் மாவோடு படியில் நின்றார். அறுபத்து நான்கு வயது. கணவர் இறந்து பத்து வருடம். ஊரில் அவர் அதிகம் பேசி யாரும் கேட்டதில்லை.

"உச்சியில் ஒரு கல் பலகை இருந்தது. அதையும் சேர்க்கவேண்டும்" என்றார்.

"என்ன கட்டடம், ஃப்ரௌ ஹென்ஸ்?"

அவர் சதுக்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, ஊரில் ஐம்பத்தாறு வருடமாக யாரும் உரக்கச் சொல்லாததை, ரொட்டி விலை சொல்வது போன்ற குரலில் சொன்னார்: "யூதர்களின் தொழுகைக்கூடம். வாசல் தெற்கே. உள்ளே கிழக்கே பார்த்து நின்று தொழுவார்கள். நான் எட்டு வயதில் இருந்தபோது, ஒரு நவம்பர் காலையில், எரித்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு எங்களை வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார்கள். தீயணைப்புப் படையும் வந்தது. எங்கள் கூரைமேல் தண்ணீர் அடித்தார்கள், தீ இந்தப் பக்கம் தாவாமல் இருக்க. மறுநாள் கல்லையும் மரத்தையும் ஆளுக்குக் கொஞ்சம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நிழலை எடுத்துக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை."

தில்லைநாதன் எழுதுவதை நிறுத்தவில்லை. வாசல் தெற்கே என்று குறித்தார்.

"என் வகுப்பில் ஸெல்மா காட்ஸ் என்று ஒருத்தி" என்றார் இர்ம்கார்ட். "அவளுடைய ஒரு காலுறை எப்போதும் வழுக்கி இறங்கும், நாலு எட்டுக்கு ஒருமுறை குனிந்து இழுத்துவிடுவாள். தீ வைத்து இரண்டு நாள் கழித்து எங்கள் பின்கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். என் பின்னால் அப்பா நின்றார், அவர் பின்னால் தட்டு நிறைய ரொட்டி. நான் அவளிடம், ரொட்டி தீர்ந்துவிட்டது என்றேன். அப்பா சொல்லச் சொல்லவில்லை, ஹெர் தில்லை. நானாகத்தான் சொன்னேன். நாலு வருடம் கழித்து அவர்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை."

அன்று பிற்பகல் நிழல் அவருடைய முதற்படியைத் தொட்டபோது, அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

மேயர் வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்தார். மிகவும் பிடித்துப்போனது. விரல் எண்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. எட்டுக்குப் பிறகும் நகர்ந்தது.

"இது என்ன, ஒன்பது?"

"நிழல்" என்றார் தில்லைநாதன்.

"நிழல் சின்னம் இல்லையே."

"நான் அளவைக்காரன், ஹெர் மேயர். நிலத்தில் கிடக்கிறதை வரைகிறேன்."

ரொய்ஸ் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். "அன்றைக்குத் தீயணைப்புப் படைக்குத் தலைவர் என் அப்பா" என்றார். "நான் அப்போது இரண்டு வயதுப் பிள்ளை. இந்த ஊரில் எல்லாருக்கும் ஓர் அப்பா இருந்தார். புரிகிறதா? இதை எடுத்துவிடுங்கள். கடிதம் தயாராக இருக்கிறது, நான் கையெழுத்துப் போடவேண்டியதுதான்."

சதுக்கத்தின் மூலையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று தில்லைநாதன் கொழும்புக்கு அழைத்தார்.

"இஞ்சருங்கோ, கேக்குதோ?" என்றார் தவமலர்.

"கேக்குது, சொல்லும்."

"நீங்கள்தான் சொல்லவேணும். கடிதம் என்னாச்சு?"

அவர் சொன்னார். நிழலைச் சொன்னார், ஒன்பதாம் எண்ணைச் சொன்னார்.

"அழிச்சுப் போடுங்கோ" என்றார் தவமலர். "ஆரோ ஒருத்தரின்ர நிழல். அதுக்காக நானும் பிள்ளையும் இந்த அறைக்குள்ள எத்தினை காலம் கிடக்கிறது? நேற்றும் பொலிஸ் வந்து பதிவு பார்த்திட்டுப் போனவை. பிள்ளை கட்டிலுக்குக் கீழ போய் ஒளிச்சுக்கொண்டாள்."

"ம்."

"எங்கட வீட்டையும் இடிச்சுப் போட்டினமாம். தங்கராசா அண்ணை தூரத்தில நிண்டு கண்டவராம். மதில்கூட இல்லையாம், எல்லாம் வெளியாய்க் கிடக்காம்." குரல் இறங்கியது. "ஏனப்பா, அங்கயும் நிழல் விழுமோ?"

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கூண்டுக்கு வெளியே நிழல் கிடந்தது. அறைக்குத் திரும்பி, மேசையில் வரைதாளை விரித்து, ஒரு பிளேடால் ஒன்பதாம் எண்ணின் மையைச் சுரண்டி எடுத்தார். கட்டடத்தின் நாலு பக்கக் கோட்டையும் சுரண்டினார். தாள் அந்த இடத்தில் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. அச்சில் அது தெரியவில்லை. கடிதம் கையெழுத்தாகிப் போனது. இர்ம்கார்ட் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்து ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்தார். தில்லைநாதன் அதற்குப் பிறகு ஒரு வாரம் சதுக்கத்தின் மறுபக்கத்தை மட்டும் கூட்டினார்.

விழா ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. சதுக்கத்தில் வெள்ளைத் துணியால் ஒரு பெரிய கூடாரம் அடித்தார்கள், நீண்ட மேசைகள் போட்டார்கள், ஒவ்வொரு மேசையிலும் எட்டுச் சின்னங்கள் கொண்ட வரைபடத்தை வைத்தார்கள், பக்கத்து மூன்று ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், பித்தளை வாத்தியக் குழு வாசித்தது, மேயர் பேசினார், பன்றிச் சதை நெருப்பில் சுழன்றது, எல்லாம் நன்றாகவே நடந்தது. கூடாரத்தின் மேற்குச் சுவர் அந்த மனைக்கு நேராக இருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை. ஐம்பத்தாறு வருடமாகத் தரையில் படுத்தே கிடந்த நிழலுக்கு முன்னால், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வெள்ளைச் சுவர் நின்றது.

நாலு மணிக்கு அது எழுந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் துணியில் முதலில் அடிவாரம் கறுத்தது, பிறகு சுவர், பிறகு மூன்று நீள்சன்னல்கள் வெளிச்சமாக, பிறகு கூரைச் சரிவு, உச்சியில் இரட்டை வளைவாக ஒரு கல் பலகை. இரைச்சல் மேசை மேசையாக அடங்கியது. பிறகு தெற்கு வாசலை நோக்கி ஆட்கள் வந்தார்கள். தரையில் கிடந்த காலத்தில் யாரும் அவர்களைக் கண்டதில்லை. தொப்பி வைத்த ஒருவர் வந்தார். கை கோத்துக்கொண்டு இரண்டு முதிய பெண்கள் வந்தார்கள். தோளில் குழந்தையோடு ஒரு குட்டை மனிதர் வந்தார். அவசரமில்லாமல், ஒவ்வொருவராக, வாசலுக்குள் நுழைந்து கட்டடத்தின் கருமைக்குள் கரைந்தார்கள். கடைசியாக ஒரு சிறுமி ஓடி வந்தாள். நாலு எட்டு வைத்தவள் குனிந்து காலுறையை இழுத்துவிட்டாள்.

இர்ம்கார்ட் ஹென்ஸ் எழுந்தார்.

"அது மோரிட்ஸ் காட்ஸ், மாட்டு வியாபாரி" என்றார். குரல் கணீரென்று இருந்தது. "அவர்கள் லெவி சகோதரிகள், துணிக்கடை. அது யூலியுஸ் ஷ்டேர்ன், தோளில் இருப்பது அவன் மகன், ஒன்றரை வயது. அது ஸெல்மா."

வாத்தியக் குழுவின் தலைவர் மேயரைப் பார்த்தார். மேயர் தன் கைகளைப் பார்த்தார். யாரோ ஒருவர், யாரென்று பின்னால் ஒருவரும் சொல்லவில்லை, தன் பெஞ்சைத் தரையில் இழுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டு, மேற்குச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து தன் பெஞ்சைத் திருப்பினார். பிறகு பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன, கூடாரம் முழுவதும் ஒரே கிறீச்சல், ஊர் முழுவதும் கிழக்கே திரும்பி உட்கார்ந்தது. வாத்தியம் மறுபடி தொடங்கியது, முன்னைவிட உரக்க. இர்ம்கார்ட் நின்றுகொண்டே பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், இருபத்து மூன்று பெயர்கள். கடைசியில் மேற்கே பார்த்து நின்றவர்கள் இரண்டே பேர், அவரும் வாசலோரம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தில்லைநாதனும்.

திங்கட்கிழமை பிற்பகல் இர்ம்கார்ட் மான் விடுதியின் படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அதை வரைந்து தாருங்கள்" என்றார். "நிழலை இல்லை, கட்டடத்தை. அளவுகள் உங்களிடம் இருக்கின்றன, மற்றது என்னிடம் இருக்கிறது."

"என் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை, ஃப்ரௌ ஹென்ஸ்."

"தெரியும்."

அவர் போவதற்குத் திரும்பினார். படியின் கைப்பிடியை அவர் பிடித்த விதத்தைப் பார்த்த தில்லைநாதன், "நில்லுங்கள்" என்றார். "சன்னல் கண்ணாடி என்ன நிறம்?"

பத்து நாட்களில் படம் முடிந்தது. இர்ம்கார்ட் அதைச் சட்டம் போட்டு, கீழே இருபத்து மூன்று பெயர்களையும் எழுதி, பேக்கரியின் முன் சன்னலில், கேக்குகள் வைக்கும் இடத்தில் தொங்கவிட்டார். யாரும் கல்லெறியவில்லை. யாரும் திட்டவில்லை. ரொட்டி வாங்குவதைத்தான் நிறுத்தினார்கள். முதலில் ஓரிருவர், பிறகு தெருவாக, பிறகு ஊராக, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பக்கத்து ஊருக்குக் காரில் போய் வாங்கி வந்தார்கள். வழியில் பேக்கரியைக் கடக்கும்போது தலையசைத்து வணக்கமும் சொன்னார்கள். இர்ம்கார்ட் சுடுவதைக் குறைக்கவில்லை. மிஞ்சியதை விடுதியின் அகதிகள் சாப்பிட்டார்கள், அதிலும் மிஞ்சியதைக் குளத்து வாத்துகள் சாப்பிட்டன.

மேயர் ரொய்ஸ் ஒருநாள் மாடிக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், "ஒரு கடிதம் எழுதியவனால் இன்னொரு கடிதமும் எழுத முடியும், ஹெர் தில்லை. ஊர்மன்றத்தில் கேட்கிறார்கள்" என்றார்.

"எழுதுங்கள்" என்றார் தில்லைநாதன். அன்றைக்குக் கொழும்புக்கு அழைக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாம் கடிதம் எழுதப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பர் முதல், புதன்கிழமைதோறும், மேயர் பேக்கரியின் பின்கதவைத் தட்டி ஒரு ரொட்டி வாங்கிப் போனார். இர்ம்கார்ட் எடுத்துக் கொடுத்தார். டிசம்பரில், தில்லைநாதனின் விண்ணப்பம் ஏற்கப்பட்டதென்று தபால் வந்தது.

ஜனவரியில் இர்ம்கார்ட் மாவுப் பலகையின் அருகில் விழுந்து இறந்துபோனார். அடக்கத்துக்கு ஊர் முழுவதும் கறுப்பு உடையில் வந்தது, ஒருவரும் குறையவில்லை, பாதிரியார் நல்ல ரொட்டியைப் பற்றிப் பேசினார். நகரத்திலிருந்து வந்த மருமகள் கடையைப் பூட்டினாள், படத்தைக் கழற்றித் தில்லைநாதனிடம் கொடுத்தாள். பிறகு மூன்று வாரம் மேகமும் மழையுமாகவே இருந்தது. பிப்ரவரியில் வெயில் வந்த அன்று, சதுக்கத்தில் அந்த நிழல் இல்லை. தேவாலயத்தின் நிழல் இருந்தது, லிண்டன் மரத்தின் நிழல் இருந்தது, தொலைபேசிக் கூண்டின் நிழல் இருந்தது. கருங்கற்கள் முழுவதும் வெயில் பளிச்சென்று கிடந்தது. ஊர்க்காரர்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். தபால்காரர் வந்தார், வெயிலைப் பார்த்தார், சைக்கிளை வளைத்துச் சுற்றிக்கொண்டே போனார்.

மார்ச் மாதம் தவமலரும் ஆரணியும் வந்து சேர்ந்தார்கள். ஆரணிக்கு ஒன்பது வயது. அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஐந்தாம் நாள், தில்லைநாதன் மாடிச் சன்னலில் நின்று அவள் வருவதைப் பார்த்தார். மனைக்குக் குறுக்கே வந்தால் விடுதிக்கு இருபது எட்டு. ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், நிழல் இல்லாத அந்த வெயிலில், ஒருவர் பின் ஒருவராக மனையின் விளிம்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசியாக அவருடைய மகளும் அதே வளைவில் வந்துகொண்டிருந்தாள்.

அவர் இறங்கிப் போனார்.

"ஏன் பிள்ளை சுத்தி வாறீர்?"

"இதுக்குள்ள நடக்கக் கூடாதப்பா."

"ஆர் சொன்னது?"

ஆரணி யோசித்தாள். "ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள்.

அவர் அவளுடைய கையைப் பிடித்து, தெற்குப் பக்கமாகக் கூட்டிப் போய், வாசல் இருந்த இடத்தில் நின்றார். குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார்.

"நீரும் கழட்டும்."

"குளிருதப்பா. ஏன், கோயிலோ?"

"ஓம்."

அவள் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். வரிசையில் போன பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சதுக்கத்தைச் சுற்றி ஒவ்வொரு சன்னலாகத் திரைகள் அசைந்தன. இருவரும் வெறுங்காலோடு உள்ளே நடந்தார்கள். சரளைக்கல் காலைக் குத்தியது. நடுவுக்கு வந்ததும் ஆரணி கைகளைக் கூப்பிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்து நிற்பதென்று தெரியாமல் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் அவளுடைய தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பிவிட்டார்.